முத்ரிகாவில் நீ சுற்றிய நாட்கள்

டெல்லி வெயிலுக்கு வைக்கும் கூலருக்குப் புதுப் புல் தட்டி மாற்றி, முதல் தடவை தண்ணீர் ஊற்றி ஓடவிட்டால் ஒரு வாசனை வருமே, நனைந்த வைக்கோலும் தகரமும் கலந்த மாதிரி, அது நேற்று என்னைப் பிடித்துக்கொண்டது. மகளின் சான்றிதழ்களை நகலெடுக்க மார்க்கெட்டில் ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரப் பையன் "எத்தனை காப்பி, ஆன்ட்டி?" என்று கேட்டது எங்கோ தூரத்திலிருந்து வந்தது. அந்த நேரத்துக்கு நான் பதினேழு வயதுப் பெண்ணாகி, கல்லூரி அட்மிஷன் ஹாலில் உன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அங்கேயும் இதே வாசனையோடு ஒரு கூலர் ஓடிக்கொண்டிருந்தது. நீ என் துப்பட்டாவின் நுனியைக் கையில் சுருட்டி வைத்திருந்தாய்.

மார்ச்சில் நீ போனாய். இப்போது ஜூலை. அட்மிஷன் காலம் வந்துவிட்டது, உன்னிடம் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, நீ இல்லை. அதனால் எழுதுகிறேன். தமிழ்ப் பள்ளியில் படித்தும் கடைசிவரை நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படித்தாய். பெரிய வார்த்தை வந்தால் "இன்னாடி இது?" என்று என்னிடமே நீட்டுவாய். அதை நினைத்துக்கொண்டு சின்ன வார்த்தைகளாகவே போடுகிறேன்.

புசா ரோடில் நம் பள்ளியில் நீதான் கணக்குக்கு ராணி. பன்னிரண்டாவது ரிசல்ட் வந்த அன்று உன் அப்பா ஆர்.கே.புரத்தில் நம் செக்டர் முழுக்க லட்டு கொடுத்தார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று ஒரு அமைச்சகத்தில் கிளார்க்காக இருந்தவர். சிரிக்கத் தெரியாத மனிதர் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அன்று வீடு வீடாகப் போய், கதவைத் திறப்பவர்கள் தமிழரா பஞ்சாபியா என்றுகூடப் பார்க்காமல், "என் பொண்ணு, மேத்ஸ் ஆனர்ஸ்" என்று தமிழிலேயே சொன்னார். எனக்கு மார்க் குறைவு. அதே கல்லூரியில், ஆனர்ஸ் இல்லாத பி.ஏ. பாஸ் கோர்ஸ் கிடைத்தது. நீ இருக்கிறாய் என்ற ஒரே தைரியத்தில்தான் என்னை அவ்வளவு தூரம் அனுப்ப அம்மா சம்மதித்தாள்.

கல்லூரி திறப்பதற்கு முன் நமக்கு யார்தான் புத்தி சொல்லவில்லை! பஸ்ஸில் முன்வாசல் பக்கமே நில்லு. கையில் சேஃப்டி பின் வைத்துக்கொள். சீட்டுக்கு அடியில் பையோ டிரான்சிஸ்டரோ கிடந்தால் வெடிகுண்டாக இருக்கும், தொடாதே, கண்டக்டரிடம் சொல். கல்லூரியை ஒட்டிய ரிட்ஜ் காட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்காதே. யாராவது பெயர் கேட்டால் சொல்லாதே. என் அம்மா சொன்னாள், உன் அம்மா சொன்னாள், மலை மந்திர் முருகன் கோவில் படியில் பார்த்த ஆபீஸர் மாமியும் சொன்னாள். எல்லாம் போகும் வழிக்கான பயங்கள். போய்ச் சேர்ந்த பிறகு என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லவில்லை. போய்ச் சேர்ந்தாலே போதும் என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும். அவர்களில் யாரும் கல்லூரிக்குப் போனதில்லையே.

காலையில் மாணவர்களுக்கென்று விடும் யூ-ஸ்பெஷல் பஸ். ஜன்னல் ஓரம் நீ, உன் பக்கத்தில் நான். பஸ்ஸிலிருந்து இறங்கி, கல்லூரி வாசலில் காவலாளிக்கு ஐடெண்டிட்டி கார்டைக் காட்டி உள்ளே போனதும் நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பிறகு சாயங்கால பஸ்ஸில்தான் பார்த்துக்கொள்வோம்.

என் வகுப்பில் கூட்டம். பெஞ்சில் இடம் கிடைக்காமல் சுவரோரம் நின்றவர்களும் உண்டு. லெக்சரர் பாட்டுக்கு இங்கிலீஷில் பேசிக்கொண்டே போவார். எதை எழுத, எதை விட என்று தெரியாமல் எல்லாவற்றையும் எழுதி, வீட்டில் பிரித்துப் பார்த்தால் என் கையெழுத்து எனக்கே புரியாது. பெரிய பள்ளிகளிலிருந்து வந்த பெண்கள் முதல் வாரத்திலேயே கூட்டம் கூட்டமாகச் சேர்ந்துவிட்டார்கள். மத்தியானம் ஆனால் எனக்கு பயம் வந்துவிடும். சாப்பாட்டு டப்பாவை எங்கே வைத்துத் திறப்பது? பின்பக்க மாடிப்படியில், யாரும் வராத திருப்பத்தில் உட்கார்ந்து தயிர்சாதத்தை அவசரமாக விழுங்குவேன். காலடிச் சத்தம் கேட்டால் டப்பாவை மூடிவிட்டுப் புத்தகத்தை விரிப்பேன்.

உனக்கு என்ன நடந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கரும்பலகையில் கணக்கு மேடம் நான்கு வரி எழுதி, ஐந்தாவது வரிக்கு "ஆப்வியஸ்லி" என்று சொல்லித் தாவிவிடுவாராம். அந்த வார்த்தை வந்ததும் வகுப்பு முழுக்கத் தலை ஆடும். உன் தலையும் ஆடும். நம் பள்ளியில் புரியவில்லை என்றால் ஸ்டாஃப் ரூமுக்கே போய் டீச்சரின் மேஜையில் சாய்ந்துகொண்டு தமிழில் கேட்டவள் நீ. இங்கே கேட்க நீ வாயைத் திறக்க, இங்கிலீஷ் வாக்கியம் மனசுக்குள் கட்டி முடிவதற்குள் பாடம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். முதல் டெஸ்டில் உனக்குக் கிடைத்த மார்க்கை நீ யாரிடமும் சொல்லவில்லை. கணக்கில் நீ தோற்றது உன் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

இதெல்லாம் தெரியாமல் நான் சாயங்கால பஸ்ஸில் உன்னிடம் கேட்பேன், "எப்படிட்டி இருந்துச்சு?" நீ "செம ஜாலி" என்பாய். "உனக்கு?" என்பாய். "எனக்கும்" என்பேன். அதன் பிறகு இருவரும் வெளியே பார்த்துக்கொண்டு வருவோம். திருநெல்வேலிக்காரி நான் "ஏட்டி" என்றால் முன்பெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பாய். அந்த வருஷம் நீ சிரிப்பது குறைந்துகொண்டே வந்தது. படிப்பு அதிகம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

டிசம்பர் மாதம். காலையில் இறங்கிய பனிமூட்டம் மத்தியானம் ஆகியும் விலகாத நாள். சாயங்காலம் பஸ் ஏறும் இடத்தில் நீ வரவில்லை. கூட்டம் ஏறுகிறது, டிரைவர் ஹாரன் அடிக்கிறார், உன்னைக் காணோம். உன் வகுப்புப் பெண் ஒருத்தி, கண்ணாடி போட்டவள், ஏறப் போனவள் நின்று என்னிடம் வந்தாள்.

"உன் சிநேகிதிக்கு உடம்பு சரியாயிடுச்சா?" என்று இந்தியில் கேட்டாள்.

"என்ன உடம்பு?"

"ரெண்டு மாசமா கிளாஸுக்கே வரலையே. இன்னிக்குக் காலைல மேடம் கேட்டில் பார்த்துப் பிடிச்சுட்டாங்க. நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வரச் சொல்லிட்டாங்க. அழுதுட்டே வெளிய போனா. மால் ரோடு ஸ்டாப்பில் அவளை அடிக்கடி பார்ப்பேன். முத்ரிகா பஸ்ஸில் ஏறுவா."

தினமும் காலையில் என் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவள். வாசலில் எனக்குக் கையாட்டிவிட்டு உள்ளே போகிறவள். யூ-ஸ்பெஷல் கிளம்பிப் போயிற்று. நான் ஏறவில்லை.

நம் வீடுகளில் போன் கிடையாது. முனையில் இருந்த பி.சி.ஓ.வுக்கு ஓடி உங்கள் பக்கத்து வீட்டு நம்பரைச் சுற்றினேன். அந்த வீட்டு அம்மாள் உன் அம்மாவைக் கூப்பிட்டுவிட்டாள். "வந்துட்டாளா?" என்று கேட்டேன். "இல்லியே. ஏன்? நீ அவகூட இல்லியா? இன்னா ஆச்சு?" உன் அம்மாவின் குரல் அப்படியே உயர்ந்துகொண்டு போனது. "தேடிக் கூட்டிட்டு வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே வைத்தேன். அந்த வார்த்தையைச் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. தேடுவதா? டெல்லியிலா? எங்கே?

ரிங் ரோட்டில் ஊரைச் சுற்றி சுற்றி வருகிற பஸ் முத்ரிகா. மால் ரோடு ஸ்டாப்பில் நின்று, வருகிற ஒவ்வொரு முத்ரிகாவிலும் முன்வாசல் வழியாக ஏறிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். வேறு எதுவும் தோன்றவில்லை. பஸ் என்றாலே எனக்கு எப்படி நடுங்கும் என்று உனக்குத் தெரியும். கூட்டத்தில் எந்தக் கை எங்கே வரும் என்று முதுகெல்லாம் கண்ணாக இருப்பவள் நான். அன்று அந்தக் கூட்டத்துக்குள் நானே புகுந்து, தோள்களை விலக்கி, லேடீஸ் சீட்டில் இருக்கும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். கண்டக்டர் கத்துவார், "ஏறணுமா இறங்கணுமா, ஜல்தி!" இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்பேன். ஸ்டாப்பில் ஒரு ஆள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நகர்ந்து நின்றேன். அவனும் நகர்ந்தான். பனியில் பஸ்ஸின் விளக்குகள் தெரியுமே தவிர எண் தெரியாது. அந்தச் சாலை யமுனையை ஒட்டிப் போகிறது என்ற நினைப்பும் வந்தது. மலை மந்திர் முருகனிடம் வேண்டக்கூட வார்த்தை வரவில்லை. அடுத்த பஸ், அடுத்த பஸ் என்று மட்டும் வாய் முணுமுணுத்தது.

எத்தனையாவது பஸ் என்று தெரியாது. ஏறினேன். சால்வையைத் தலையோடு போர்த்தி, கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்து ஒருத்தி. உன் காலில் இருந்த அந்தப் பழுப்பு நிற பாட்டா ஷூவைத்தான் முதலில் பார்த்தேன். பக்கத்தில் இருந்த ஒரு அம்மாளிடம் கெஞ்சி இடம் வாங்கி உட்கார்ந்தேன்.

நீ திரும்பிப் பார்த்தாய். ஆச்சரியம்கூட இல்லை உன் முகத்தில்.

"எறங்கத் தெர்லடி" என்றாய்.

பஸ் போய்க்கொண்டே இருந்தது. நான் உன் மணிக்கட்டைப் பிடித்தேன். கேட்க பயமாக இருந்தது, கேட்காமல் இருக்க அதைவிட பயமாக இருந்தது.

"எப்பம் இருந்து இப்படி?"

"தசரா லீவுக்கு அப்புறம். ஒரு நாள் கிளாஸ்ல எல்லாரும் எழுதிக்கினு இருக்காங்க, நான் மட்டும் சும்மா பார்த்துக்கினு இருக்கேன். எழுந்து வெளிய வந்துட்டேன். ரோட்ல நின்னா இந்த பஸ் வந்துச்சு. ஏறிட்டேன். ஸ்டூடண்ட் பாஸ் காமிச்சா யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க. அதுக்கப்புறம் கேட் தாண்டி வருவேன், கிளாஸ் உள்ள கால் போவாது, நீ போனதும் வெளிய வந்துடுவேன்." கண்ணாடியின் ஈரத்தைச் சால்வை நுனியால் துடைத்தாய். "ஒவ்வொரு ரவுண்டும் நம்ம வூட்டாண்டதான் போவுது. மோதி பாக் வந்தா அம்மாவோ தெரிஞ்சவங்களோ நிக்கறாங்களான்னு தலைய குனிஞ்சிக்குவேன்."

"இன்னைக்கு?"

"இன்னிக்கு யமுனா பாலத்தாண்ட எறங்கினேன்."

உன் மணிக்கட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"கொஞ்ச நேரம் நின்னேன். பயமா இருந்துச்சு. திரும்ப ஏறிட்டேன்."

புத்திசாலி ஒருத்தி அந்த இடத்தில் என்ன சொல்லியிருப்பாளோ. எனக்கு வாயில் வந்தது என் சொந்த அழுகைதான். "ஏட்டி, எனக்கும் ஒண்ணுமே புரியல. ஜூலைல இருந்து மாடிப்படில ஒளிஞ்சு ஒளிஞ்சு தனியாத்தான் சாப்பிடுதேன். ஒருத்தியும் என் பேரைக்கூட கேக்கல."

நீ நிமிர்ந்து உட்கார்ந்தாய். அன்று முதல் தடவையாக உன் கண்ணில் ஏதோ அசைந்தது. "நீயா? நீ தெனமும் சிரிச்சிக்கினுதான வர?"

"நீயும்தான்."

மோதி பாக் வந்தது. நான் எழுந்தேன். நீ எழவில்லை. "முதல்ல நீ எறங்குடி" என்றாய். உன் கையை விட்டால்தான் படியில் இறங்க முடியும், விட எனக்கு பயம். கடைசியில் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே இறங்கினேன். கண்டக்டர் விசில் ஊதினார், யாரோ திட்டினார்கள், நீ தரையில் நின்றாய்.

செக்டர் முனையில் உன் அப்பா மஃப்ளரும் டார்ச்சுமாக நின்றுகொண்டிருந்தார். நம்மைப் பார்த்தார். முன்னால் நடந்தார், பின்னால் நாம். வீட்டுக்குள் போனதும் ஓடிக்கொண்டிருந்த டி.வி.யை அணைத்தார். உன் அம்மா சமையலறை வாசலில் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நின்றாள். அவர் அடிப்பார் என்று நினைத்து நான் உனக்கு முன்னால் வந்து நின்றேன்.

"அப்பா, நான் காலேஜுக்குப் போவல."

"இன்னிக்கா?"

"ரெண்டு மாசமா."

அவர் உன்னையே பார்த்தார். "அப்ப எங்க போன?"

"முத்ரிகால."

"அதுல ஏறி எங்க போன?"

"எங்கயும் இல்லப்பா. சுத்திக்கினு இருந்தேன்."

அந்தப் பதில் அவருக்குப் புரியவேயில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, ஷூவின் லேஸை அவிழ்க்கக் குனிந்தவர் அப்படியே குனிந்தபடி இருந்தார். வெகுநேரம். அவர் கத்தியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

மறுநாள் அவரும் யூ-ஸ்பெஷலில் ஏறினார். இஸ்திரி போட்ட கோட்டு. டிரைவர் முறைத்தார், அவர் கவனிக்கவில்லை. உன் மேடம் முன்னால் விறைப்பாக நின்று எல்லாவற்றுக்கும் "எஸ் மேடம், எஸ் மேடம்" என்றார். அட்டெண்டன்ஸ் குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டோம், இனி ஒரு நாள்கூடத் தவறக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். பெண்கள் கல்லூரி, ஆண்கள் உள்ளே நிற்கக்கூடாது என்று காவலாளி அவரை வெளியே கொண்டுவந்து விட்டான். அவர் ஆபீஸுக்குப் போவார் என்று நினைத்தோம். போகவில்லை. எதிர்ப் பக்க வேப்பமரத்தடியில் நின்றார்.

மறுநாளும் வந்தார். அதற்கடுத்த நாளும். குளிரில் கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வாசலையே பார்த்தபடி. முதல் மாடி ஜன்னலிலிருந்து அவர் தெரிவார். நீ மாடிப்படிக்கு வந்து என் டப்பாவில் ஒரு வாய் சாப்பிடுவாய், அதையும் வாந்தியெடுப்பாய். "அவரு அங்க நிக்கற வரைக்கும் எனக்கு மூச்சே வரலடி. ஜெயில்ல இருக்கற மாதிரி இருக்கு. கேட்டாண்ட போனா அவரு, உள்ள வந்தா மேடம். நடுவுல நான் எங்க நிக்கறது?"

"போய் அவர்ட்டயே சொல்லு."

"பயமா இருக்கு."

"நானும் வாரேன்."

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் சாலையைக் கடந்து போனோம். அவர் வேர்க்கடலைப் பொட்டலத்தைச் சட்டென்று மடித்துப் பையில் வைத்தார். என்னவோ தப்பு செய்துவிட்டு மாட்டிக்கொண்டவர் மாதிரி.

"அப்பா, நீங்க ஆபீஸுக்குப் போங்க. நான் உள்ள இருக்கேன்."

"திரும்ப அதுல ஏறிட்டியானா?"

ஏறமாட்டேன் என்று நீ சத்தியம் செய்வாய் என்று நான் எதிர்பார்த்தேன். அவரும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பார். நீ கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாய், "ஏறினா, அன்னிக்கே வந்து உங்களாண்ட சொல்லிடறேன்."

அவர் உன் முகத்தைப் பார்த்தார். பிறகு சாலையைப் பார்த்தார். "அப்ப நான் போவட்டுமா?" என்று உன்னிடம் அனுமதி கேட்டார். நாலடி நடப்பார், திரும்பிப் பார்ப்பார். பஸ் ஸ்டாப் வரைக்கும் அப்படியே போனார். அன்றுதான் அவருக்கும் எவ்வளவு பயம் என்று நமக்குத் தெரிந்தது.

நீ மறுபடி ஏறினாய். ஜனவரியில் ஒரு நாள், பிப்ரவரியில் ஒரு நாள். இரண்டு தடவையும் அன்று சாயங்காலமே அப்பாவிடம் சொன்னாய். முதல் தடவை அவர் இரவு சாப்பிடவில்லை. இரண்டாவது தடவை சாப்பிட்டார். வகுப்பில் ஒரு நாள் "ஆப்வியஸ்லி" வந்தபோது எழுந்து நின்று, "மேடம், ஐ டிட் நாட் அண்டர்ஸ்டாண்ட்" என்றாயாம். பின்னாலிருந்து இன்னும் இரண்டு பேர் தங்களுக்கும் புரியவில்லை என்றார்கள். அதில் ஒருத்தி அந்தக் கண்ணாடிக்காரி. மேடம் எரிச்சலோடுதான் திரும்ப எழுதினார். ஆனால் எழுதினார். கண்ணாடிக்காரி மறுநாளிலிருந்து மாடிப்படிக்குத் தன் ராஜ்மா சாதத்தோடு வந்துவிட்டாள்.

கதைகளில் வருவதுபோல் நீ அதன் பிறகு முதலிடம் வந்துவிடவில்லை. முதல் வருஷம் ஒரு பேப்பர் போயிற்று. செக்டரில் யாராவது "பொண்ணு எப்படிப் படிக்கறா?" என்று கேட்டால் உன் அப்பாவே முந்திக்கொண்டு, "ஒரு பேப்பர் போச்சு, திரும்ப எழுதறா" என்று உரக்கச் சொல்லிவிடுவார். கேட்டவர்கள்தான் சங்கடப்படுவார்கள். அடுத்த வருஷம் அதை எழுதி, கடைசியில் செகண்ட் டிவிஷனில் பாஸ் செய்தாய். அந்த ரிசல்டுக்கும் அவர் லட்டு வாங்கினார். இந்த முறை நம் இரண்டு வீட்டுக்கு மட்டும்.

பிறகு நீ இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலைக்குப் போய், கல்யாணம் ஆகி, ஆர்.கே.புரத்துக்கே திரும்பி வந்த வருஷங்கள். மெட்ரோ ஓட ஆரம்பித்திருந்த சமயம். நம் தமிழ் அமைப்பு பன்னிரண்டாவது முடித்த பிள்ளைகளுக்கு ஒரு கூட்டம் போட்டது. கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு அறிவுரை. ஒரு அதிகாரி நேரத்தைப் பகுத்துக்கொள்வது பற்றிப் பேசினார். ஒரு பேராசிரியர் லட்சியம் பற்றிப் பேசினார். பிள்ளைகள் போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு உன்னைக் கூப்பிட்டார்கள். உனக்கு மேடை என்றால் கை வியர்க்கும். மைக்கைப் பிடித்து நீ சொன்ன முதல் வரி எனக்கு மனப்பாடம்.

"நீங்க எல்லாரும் பயப்படப் போறீங்க. யாரும் உங்களாண்ட இத சொல்லமாட்டாங்க, அதனால நான் சொல்றேன்."

போன்கள் கீழே இறங்கின. முத்ரிகாவைப் பற்றிச் சொன்னாய். மறைக்காமல், பாலத்தில் இறங்கியது உட்பட. முன்வரிசையில் பெற்றோர்கள் நெளிந்தார்கள். அமைப்பின் செயலாளர் பின்னாலிருந்து, "மேடம், கொஞ்சம் பாசிட்டிவா" என்று கிசுகிசுத்தார். நீ அதையும் மைக்கிலேயே வாங்கிக்கொண்டாய். "பாசிட்டிவாத்தான் சார் பேசறேன். நான் இங்க நிக்கறேன் பாருங்க." அப்புறம் பிள்ளைகளிடம் திரும்பினாய். "முதல் வாரத்துல யாருக்கும் ஒண்ணும் புரியாது. எல்லாரும் தலைய ஆட்டுவாங்க. நீ மொதல்ல கேட்டுடு, மூணாவது மாசம் கேக்கறது ரொம்ப கஷ்டம். தனியா சாப்பிடாத. யாரும் கூப்பிடலன்னா, இன்னொருத்தர் தனியா சாப்பிட்டுக்கினு இருப்பாங்க, அவங்களாண்ட போய் உக்காரு. மார்க் கம்மியானா அன்னிக்கே வூட்ல சொல்லிடு. ஒரு நாள் விட்டா அது வளரும். ஒரே ஒரு ஆள வெச்சிக்கோ, அவங்களாண்ட மட்டும் பொய் சொல்லமாட்டேன்னு. ஒரு ஆள் போதும்." பெற்றோர்களைப் பார்த்து, "நீங்க கேட் வெளிய நிக்காதீங்க. ஆனா வூட்ல இருங்க" என்றாய்.

அதன் பிறகு வருஷா வருஷம் உன்னைக் கூப்பிட்டார்கள். ஜூலையிலிருந்து டிசம்பர் வரை உன் போன் ஓயாது. எந்தப் பிள்ளை பேசினாலும் ஆபீஸ் வேலையை நிறுத்திவிட்டு வெளியே போய்ப் பேசுவாய். வைத்த பிறகு உன் முகம் வெளிறிப் போயிருக்கும். ஒவ்வொரு போனுக்கும் நீ முழுதாக பயந்தாய். பழகிப் போகவே இல்லை உனக்கு.

மார்ச்சில் நோய் முற்றி நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எல்லோரும் உன்னிடம் சரியாகிவிடும், சரியாகிவிடும் என்றார்கள். டாக்டர்கூட. நான் உள்ளே வந்தபோது நீ அவர்களை வெளியே அனுப்பினாய். "ரொம்ப பயமா இருக்குடி" என்றாய். சரியாகிவிடும் என்று என் வாய் திறந்தது. மூடிக்கொண்டேன். "எனக்கும்ட்டி" என்றேன். நீ கண்ணை மூடி, நிம்மதியாக ஒரு மூச்சு விட்டாய். உன் அப்பா வெளியே பெஞ்சில் இருந்தார். வயதாகிவிட்டது, முதுகு மட்டும் வளையவில்லை. நீ போன பிறகு அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "கடைசில உன்னாண்ட பேசுச்சா?" பேசினாள் என்றேன். தலையை ஆட்டினார்.

என் மகளுக்குப் புனேயில் இடம் கிடைத்திருக்கிறது. அடுத்த வாரம் ஹாஸ்டல். இங்கேயே பிறந்தவள், பாதி இந்தியும் பாதி இங்கிலீஷுமாகப் பேசுகிறவள், பயம் என்றால் என்ன என்று கேட்பவள்போல் திரிகிறாள். இன்று சாயங்காலம் பெட்டி அடுக்கும்போது போர்வை விஷயத்தில் என்மேல் கத்தினாள். "மம்மி, எனக்கு அந்த ஃபூல்வாலா போர்வை வேணாம்னு எத்தனை தடவை சொல்றது! எல்லாத்துலயும் ஏன் இவ்ளோ டென்ஷன் கொடுக்கறே?" பூப்போட்ட அந்தப் போர்வையைத் தரையில் எறிந்தாள். உன்னைத் தெரியாமல் இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். திமிர் என்று நினைத்திருப்பேன். அவள் கை எறிந்த பிறகும் ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

நீ எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது இதுதான். தைரியம் இல்லை, அது உனக்கும் கிடையாது எனக்கும் கிடையாது. பயம் வேறு வேஷம் போட்டு வந்தால் எனக்கு அடையாளம் தெரிகிறது. தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் நானும் பயப்படுகிறேன். இனி உன்னிடம் ஓடிவந்து "இப்பம் என்ன செய்ய?" என்று கேட்க முடியாது என்பது அதைவிடப் பெரிய பயம்.

கட்டிலில் உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியதெல்லாம் மனசில் வரிசையாக நின்றது. எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு, "உன்னை அவ்வளவு தூரம் அனுப்ப எனக்கு பயமா இருக்குடா" என்றேன்.

அவள் முறைத்தாள். தரையில் கிடந்த துணிகளுக்கு நடுவே மெல்ல உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள், "மம்மி, ஒரு வாரமா என்னால சாப்பிட முடியல."

நான் கட்டிலை விட்டு இறங்கி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவள் பேச ஆரம்பித்தாள்.